வண்டி நிறுத்தத் தடை கேட்டவன்

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் அந்த நோட்டீஸை ஒட்டியவனை எங்கள் சந்தில் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு முதல் சந்தேகம் அதில்தான் வந்தது. சந்துக்குள் புதிதாக ஒரு பூனை வந்தாலே எந்த வீட்டுப் பூனை என்று விசாரிக்கிற ஆட்கள் நாங்கள். ஒருவன் பசை வாளியோடு வந்து, ஒட்டிவிட்டு, வாளியோடு திரும்பிப் போயிருக்கிறான். ஒருவரும் பார்க்கவில்லை என்றால், பார்த்த யாரோ பார்க்காத மாதிரி இருக்கிறான் என்று அர்த்தம்.

நோட்டீஸை மூன்று முறை படித்தேன். எங்கள் சந்தின் இரு புறமும் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை எந்த வாகனமும் நிறுத்தக் கூடாது என்று நகராட்சியில் உத்தேசித்திருக்கிறார்களாம். வண்டி வைத்திருப்பவர்கள் குளத்துக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் நிறுத்திக்கொள்ளலாமாம். ஆட்சேபனை இருந்தால் பதினைந்து நாளைக்குள் எழுதித் தர வேண்டுமாம். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் மேலே சின்ன எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. 'பார்வை: தெருவாசிகள் அளித்த மனு.' பக்கத்தில் ஒரு நம்பர்.

தெருவாசிகளா? நான் ஒரு தெருவாசி. இந்தச் சந்திலேயே பிறந்தவன். எனக்குத் தெரியாமல் எந்தத் தெருவாசி மனு கொடுத்தான்?

நான் இப்படித்தான். கடலூர் பழைய டவுனில் ஒரு உரக் கிடங்கில் முப்பது வருஷம் எடைமேடை பார்த்தவன். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. டிரைவர் இறங்கிவிட்டானா, தார்ப்பாய்க்கு அடியில் ஈர மணல் மூட்டை கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆன பிறகு சம்பளம் நின்றுபோனது. சந்தேகம் நிற்கவில்லை.

சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து உள்ளே பிரிகிற சந்து எங்களுடையது. இரண்டு பக்கமும் வீடுகள். எந்த வீட்டுக்கும் வண்டி ஏற்ற இடம் கிடையாது, வாசலைத் தாண்டினால் தெருதான். என் மனைவியின் ஸ்கூட்டர் பதினெட்டு வருஷமாக எங்கள் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதலாகச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அவளுக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் இரும்பு காலிபர் போட்டுத்தான் நடப்பாள். பரங்கிப்பேட்டை போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. மூன்று படி இறங்கி, சுவரைப் பிடித்து நாலு எட்டு வைத்து, வண்டியில் உட்கார்ந்துவிட்டாள் என்றால் அதற்குப் பிறகு அவள் யார் தயவிலும் இல்லை. என் தயவிலும் இல்லை.

குளத்துக்குப் பின்னால் இருக்கிற இடத்துக்கு நான் நடந்து பார்த்தேன். எனக்கு ஆறு நிமிஷம். அவளுக்கு, பையும் சாப்பாட்டுக் கூடையும் தூக்கிக்கொண்டு, அரை மணி நேரம் ஆகும். மழை நாளில் போகவே முடியாது. ஈரத்தில் அந்தக் காலிபர் பூட்ஸ் வழுக்கும்.

சாயந்திரம் அவள் வந்ததும் சொன்னேன்.

"உன் வண்டிய இங்க நிறுத்தக் கூடாதாம். நோட்டீஸ் போட்டிருக்கான்."

"என் வண்டியவா? பேர் போட்டா?"

"எல்லா வண்டியுந்தான்."

"அப்ப எல்லா வண்டியும்னு சொல்லுங்க. இன்னாத்துக்கு என் வண்டின்னு தனியா சொல்றீங்க?"

அவள் டீச்சர். வாக்கியத்தைத்தான் முதலில் திருத்துவாள். ஆனால் அன்றைக்குக் காலிபரைக் கழற்றிவிட்டு வெகுநேரம் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "விஆர்எஸ் எழுதிக் குடுத்துடட்டுமா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இது யார் வேலை என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எதிர் வீட்டுக்காரன்தான். என் வயசு. பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்ச். எந்த உறவும் கிடையாது, பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கத்தில் இன்றைக்கும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். மாடியில் மூன்று ரூம் கட்டி, கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். அவனிடம் சைக்கிள்கூட கிடையாது, எங்கே போனாலும் நடைதான். வண்டி இல்லாதவனுக்குத் தடை வந்தால் என்ன நஷ்டம்? இது ஒன்று. இரண்டாவது, சந்தின் கடைசியில் அவனுக்கு ஒரு காலி மனை இருக்கிறது. முள்ளு மண்டி, வருஷக்கணக்கில் கிடந்தது. நோட்டீஸ் ஒட்டிய அதே வாரத்தில் ஜேசிபி வந்து அதைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போனது. மூன்றாவது, யாரோ ஒருவன் அங்கே டேப் பிடித்து அளந்தான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சந்தில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது. பக்கத்திலேயே சுத்தமான காலி மனை. சிறு பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோயில் வாசலில் கூடினோம். கூட்டியது மூலை வீட்டு சார். ரிட்டயர்ட் ஹெட்கிளார்க். எங்கள் சந்துக்குத் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, நாய் தொல்லை, எதுவானாலும் மனு எழுதுவது அவர்தான். எழுதுகிற முறையும் ஒன்று உண்டு. வெள்ளைத்தாளை அட்டையில் கிளிப் போட்டு முதலில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிவிடுவார். மனுவை ராத்திரி உட்கார்ந்து தனித்தாளில் எழுதி, இந்தத் தாளை அதற்குப் பின்னால் குத்திவிடுவார். எழுதிய பிறகு வாங்கினால் ஆளுக்கு ஒரு வார்த்தை மாற்றச் சொல்வார்களாம், மனு முடியவே முடியாதாம்.

அன்றைக்கும் அட்டையோடு வந்திருந்தார்.

"ஆட்சேபனை அனுப்பணும். எல்லாரும் முதல்ல கையெழுத்து போடுங்க."

புல்லட் வைத்திருக்கிற பையனின் அம்மா ஆரம்பித்தார். "என் புள்ள தவணைல வாங்குன வண்டி சார். கொளத்தாண்ட நிறுத்துனா காலைல தவணைச் சீட்டு இருக்கும், வண்டி இருக்காது."

அப்பளம் போடுகிறவரிடம் ஒரு குட்டியானை லோடு வண்டி இருக்கிறது. அவர் சொன்னார்: "நாலு டூவீலர் நின்னா யாரு கேக்கப் போறா? ஒன் புள்ள புல்லட்ட குறுக்க நிறுத்தறான் பாரு, அதான் எவனோ மனு போட்டுட்டான்."

"உங்க டெம்போவ விடவா? ஆட்டோ நுழைய முடியல. ஒங்கமேலதான் போட்டிருப்பாங்க."

ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் மேல் சந்தேகம். நான் பார்த்தேன். இப்படியே விட்டால் உண்மையான ஆள் தப்பித்துவிடுவான். எழுந்து நின்று சொன்னேன்.

"நோட்டீஸ்ல தெருவாசி மனுன்னு போட்டிருக்கு. நம்ம பேருல எவனோ கள்ளக் கையெழுத்து போட்டிருக்கான். இந்த சந்துல வண்டியே இல்லாதவன் யாரு? மனைய சுத்தம் பண்ணி வச்சிருக்கவன் யாரு? யோசிச்சுக்குங்க."

எல்லோரும் எதிர் வீட்டுக்காரனைப் பார்த்தார்கள். அவன் கோயில் தூணில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"பாம்பு வருதுன்னு போன வாரம் கத்துனது உங்க வூட்டுக்கு அடுத்த வூடுதான் மச்சான். அதான் வழிச்சேன்."

"பாம்புக்கு டேப் வச்சு அளந்தியா?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். அவன் இன்னொரு கடலையை உடைத்தான். மூலை வீட்டு சார் அட்டையை அவனிடம் நீட்டினார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா சார் எழுதப் போறீங்க?"

"ஆட்சேபனைதான். அப்புறமா எழுதிக்கறேன்."

"எழுதிட்டு எடுத்தாங்க. போடறேன்."

"பாத்துக்குங்க," என்றேன் நான். "ஆட்சேபனையில கையெழுத்து போட மாட்டேங்கறான். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

அட்டையை வாங்கி நான் முதல் ஆளாகப் போட்டேன். என் கையெழுத்து சாதாரணமாக இருக்காது. எடைச் சீட்டில் எவனும் கள்ளக் கையெழுத்துப் போடக் கூடாது என்று நானே கண்டுபிடித்த முறை. பேரை எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி எந்த எழுத்துக்குக் கீழே வரும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் திங்கட்கிழமை. கடலூரில் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். சார் அனுப்புகிற ஆட்சேபனை ஒரு பக்கம் போகட்டும், அந்தக் கள்ள மனுவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். நோட்டீஸில் இருந்த நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ் புறப்படுகிற நேரத்தில் மஞ்சள் பையோடு ஒருவன் ஏறினான். எதிர் வீட்டுக்காரன். வேறு சீட்டு காலியாக இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எங்க மச்சான், கடலூரா?"

"நீ எங்க?"

"கலெக்டர் ஆபீசு."

"எதுக்கு?"

"அந்த மனைக்குப் பட்டாவுல எங்க அப்பா பேரே இருக்குது. மாத்தணும். அதுக்குத்தான் சர்வேயர் வந்து அளந்தாரு."

பட்டா. பட்டா எதற்கு அவசரமாக மாற்றுகிறான்? பட்டா இருந்தால்தானே காசு வாங்கி வண்டி விடுகிற ஸ்டாண்டு போட அனுமதி கிடைக்கும்? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆலப்பாக்கம் தாண்டியது. அவன் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். வாங்கவில்லை.

"டீச்சருக்கு எதுனா வழி பண்ணணும் மச்சான். அவுங்க கொளத்து வரைக்கும் எப்டி நடப்பாங்க?"

"நீ கவலப்படாத."

"கவலதான் பட்டேன். வேற ஒண்ணும் பண்ணல."

கலெக்டர் ஆபீஸில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டிருந்தார்கள். காடாம்புலியூரிலிருந்து முந்திரித் தோப்புத் தகராறோடு வந்த ஒரு குடும்பம் எனக்கு முன்னால் நின்றது. வரிசையில் அவன் எனக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நின்றான். என்ன செய்கிறேன் என்று வேவு பார்க்கிறான் என்று நினைத்தேன். என் முறை வந்தது. மனுக்களைப் பதிவு செய்கிற இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்க ஊர் விஷயம். பதிஞ்சு அங்கதான் அனுப்புவோம் சார்."

"அனுப்புங்க. ஆனா இந்த நம்பர்ல ஒரு மனு வந்திருக்கு. அது கள்ள மனு. எங்க பேருல எவனோ கையெழுத்து போட்டிருக்கான். நான் அதப் பாக்கணும்."

"அப்டியெல்லாம் எல்லாருக்கும் காட்ட முடியாது சார்."

"என் பேரு அதுல இருக்கா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா நான் இங்கேயே உக்காந்துக்கறேன்."

என் குரல் கொஞ்சம் பெரிது. பந்தலே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பெருமூச்சு விட்டார். நம்பரைத் தட்டினார். என் பேரைக் கேட்டார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானா சார்?"

முதல் கையெழுத்து. பேர். கீழே இரண்டு கோடு. நடுவில் புள்ளி. புள்ளி இருக்க வேண்டிய எழுத்துக்குக் கீழேதான் இருந்தது.

"கள்ளக் கையெழுத்து," என்றேன். வாய் தானாகச் சொன்னது. சொல்லும்போதே ஞாபகம் வந்துவிட்டது.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழி. திருவாதிரைக் கூட்டம். தேரோட்டத்தன்று வெளியூர் கார் ஒன்று எங்கள் ஜன்னலை ஒட்டி, ஸ்கூட்டரைச் சுவரோடு நெருக்கி நின்றுவிட்டது. மறுநாள் தரிசனமும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள் போலிருந்தது. அவளால் வண்டியை எடுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதோ பரீட்சை வேலை, ஆட்டோவில் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காரின் இரண்டு டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அதனால் அந்தக் கார் இன்னும் அரை நாள் அங்கேயே நின்றது. அன்றைக்குச் சாயந்திரம் மூலை வீட்டு சார் அட்டையோடு வந்தார். "எதுக்கு சார்?" என்று கேட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. அட்டையைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். "கடுமையா எழுதுங்க சார். இந்த சந்துல ஒரு வண்டி நிக்கக் கூடாது" என்றேன். அவர் அப்படியே எழுதியிருக்கிறார். மனுவின் முதல் பக்கத்தையும் அந்தப் பெண் காட்டினார். 'எந்நேரமும் எவ்வித வாகனமும் நிற்காதவாறு நிரந்தரத் தடை விதிக்க வேண்டுகிறோம்.' வெளியூர் வண்டி என்று ஓரிடத்திலும் இல்லை. எங்கள் சந்தில் இருக்கிற அத்தனை வீடும் கையெழுத்துப் போட்டிருந்தது. ஒரே ஒரு வீடு இல்லை. நான் மேலிருந்து கீழே இரண்டு முறை தேடினேன். எதிர் வீடு இல்லை.

பின்னால் நின்று அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கும் சார்கிட்ட கேட்டேன் மச்சான், இன்னா எழுதப் போறீங்கன்னு. நீதான், கையெழுத்து போட பயமாடான்னு கேட்ட."

அந்தக் காடாம்புலியூர்க் குடும்பத்தில் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். நான் துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவன் தன் பட்டா மனுவைக் கொடுத்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கி வந்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் டீ வாங்கித் தருகிறவனை எதற்காக நம்ப வேண்டும்? அதையும் நினைத்துக்கொண்டேதான் குடித்தேன்.

ஊருக்கு வந்ததும் நேராக மூலை வீட்டுக்குப் போனேன்.

"சார், நீங்க எழுதுன மனுவாலதான் இவ்ளோவும்."

"நீதானப்பா கடுமையா எழுதச் சொன்ன? நான் உன் வார்த்தையத்தான் இலக்கணமா எழுதுனேன்."

"அப்ப நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"மறந்துட்டேன்பா. வருஷத்துக்கு எம்மா மனு எழுதறேன். அதுல எதுவும் நடந்ததில்ல. இது நடக்கும்னு எவன் கண்டான்?"

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

மனைவியிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். எதிர் வீட்டுக்காரன் சொல்லிவிடுவான் என்ற பயத்தில் நானே சொன்னேன். அவள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"என் வண்டிக்குத் தடை போடச் சொல்லி நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க."

"எல்லா வண்டிக்கும்."

"இப்ப மட்டும் எல்லா வண்டியா?"

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். சாருக்குக் காத்திருக்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக் கரும்பலகை எழுத்தில் எழுதினாள். 'மேற்படி மனுவில் முதல் கையெழுத்திட்டவரின் மனைவி நான். அவர் படிக்காமல் கையெழுத்திட்டார். எனக்கு வலதுகால் மட்டுமே சரியாக இருக்கிறது.' இப்படித்தான் ஆரம்பம். முதல் வரியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். எடுக்கவில்லை. "கொண்டுபோய்க் குடுத்துட்டு, ரசீது வாங்கிட்டு வாங்க," என்றாள். கொடுத்தேன். நகராட்சி ஆபீஸில் வாங்கியவர் முதல் வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்ததை இன்னும் மறக்கவில்லை.

ஆட்சேபனைகள் போய் மூன்றாவது வாரம், நேரில் பார்க்க அதிகாரி ஒருவர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. இங்கேதான் எங்கள் சந்து தன் புத்தியைக் காட்டியது. வண்டி நின்றால் அபராதம் போட்டுவிடுவார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். அதிகாரி வருகிற அன்று காலை அத்தனை பேரும் வண்டியை எடுத்துக்கொண்டுபோய்க் குளத்தாண்டை நிறுத்திவிட்டார்கள். புல்லட் போனது. குட்டியானை போனது. வாசலில் இடம்பிடிக்க வைத்திருந்த உடைந்த தொட்டி, கல், எல்லாம் உள்ளே போனது. நானும் என் பெயின்ட் வாளியை உள்ளே எடுத்து வைத்தேன். சிமென்ட் ஊற்றி நடுவில் கம்பி நட்ட வாளி. தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அதிகாரி வந்தார். இளவயது. சந்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் கைகட்டி நின்றோம்.

"சந்து நல்லாத்தான காலியா இருக்குது? யாருமே வண்டி நிறுத்தலியே. அப்புறம் இன்னா ஆட்சேபனை?"

குளத்தாண்டை நிறுத்த முடியாது என்று எழுதிக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அன்றைக்குக் குளத்தாண்டைதான் நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு வண்டி மட்டும் நின்றது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே. அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இது உங்க வண்டியாம்மா?"

"ஆமா சார். முதல் கையெழுத்துக்காரர் வூட்டம்மா."

அவர் ஃபைலைப் புரட்டினார். சிரிப்பை அடக்கினார். "டீச்சர், கொளத்தாண்ட எவ்ளோ தூரம் இருக்கும்?"

"நடந்து காட்டவா?"

"ஐயோ, வேணாம் டீச்சர்."

"அப்ப நீங்க நடந்து பாருங்க. மணி பாத்துட்டுப் போங்க. வர்ற நேரத்த அஞ்சால பெருக்கிக்குங்க. அதுக்கு மேல, கையில ஒரு கூடையும் வச்சுக்குங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் கணக்குக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். அவர் நிஜமாகவே நடந்தார். உச்சி வெயில். திரும்பி வரும்போது சட்டை நனைந்திருந்தது. எதிர் வீட்டுக்காரன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதிகாரிக்கு இவன் எதற்குத் தண்ணீர் கொடுக்கிறான் என்று நான் பார்த்துக்கொண்டேன். அவர் குடித்துவிட்டு, "அங்க உங்க தெரு வண்டி எல்லாத்தையும் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது நோட்டீஸ் வந்தது. இந்த முறை ஒட்டுகிறவனைப் பார்த்தேன். ஒட்டி முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். ஒற்றைப்படைத் தேதியில் கிழக்குப் பக்கம் மட்டும் நிறுத்தலாம். இரட்டைப்படைத் தேதியில் மேற்குப் பக்கம் மட்டும். எங்கள் வீடு மேற்குப் பக்கம்.

அப்படியென்றால் இரட்டைப்படைத் தேதியில் கவலை இல்லை. ஒற்றைப்படைத் தேதியில் அவள் ஸ்கூட்டர் எதிர்ப் பக்கம் நிற்க வேண்டும். சந்தைக் குறுக்கே கடக்க அவளால் முடியும். அதற்கு மேல் முடியாது. எங்களுக்கு நேர் எதிரே இருப்பது அவன் வாசல். அதன் இரண்டு பக்கமும் நெருக்கி வண்டி நிற்கும், நடுவில் அவன் வாசலில்தான் இடம். முப்பத்தொன்று, ஒன்று என்று வந்தால் தொடர்ந்து இரண்டு நாள். தெரு பொதுதான். ஆனால் வாசலில் அவன் இரண்டு பூந்தொட்டி வைத்திருந்தான். தொட்டியை நகர்த்தமாட்டேன் என்று அவன் சொன்னால் அவள் விஆர்எஸ் தாளை எடுத்துவிடுவாள். எழுதிக்கூட வைத்துவிட்டாள். தேதி மட்டும் போடவில்லை. பீரோவில் பார்த்தேன்.

மறுநாள் ஒற்றைப்படை. சாயந்திரம் சந்தைக் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன். பத்தடி தூரம். பிள்ளையார் கோயிலில் அத்தனை பேர் முன்னால் கள்ளக் கையெழுத்து என்று சொன்ன பிறகு அந்தப் பத்தடியை நான் கடந்ததில்லை. அவன் கூடத்தில் உட்கார்ந்து ரூம் தலையணைகளுக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தான்.

"வா மச்சான். உக்காரு."

"உக்காரல. வண்டி விஷயம். ஒற்றைப்படையில உன் வாசல்ல நிக்கணும். ரெண்டு வருஷம்."

அவன் உறையை மாற்றி முடித்தான். எழுந்து உள்ளே போனான். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். தாளில் ஒன்றும் இல்லை.

"இதுல ஒரு கையெழுத்து போடு."

"இன்னா எழுதப் போற?"

"அப்புறமா எழுதிக்கறேன். கையெழுத்து போட பயமா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. பத்தாவதில் பரீட்சைப் பேப்பரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அதே முகம். அந்தத் தாளில் அவன் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மனைக்கு வழி விட்டுக்கொடுத்தேன் என்று எழுதலாம். பொய்ப் பழி போட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி, பிள்ளையார் கோயிலில் ஒட்டலாம். முப்பது வருஷத்தில் ஒரு வெற்று எடைச் சீட்டில்கூட நான் கையெழுத்துப் போட்டவன் இல்லை. மனு அட்டையில் மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

ஜன்னல் வழியாக எதிரே எங்கள் வீடு தெரிந்தது. அவள் படியில் உட்கார்ந்து மறுநாளைக்குக் காலிபர் வாரில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

போட்டேன். பேர், இரண்டு கோடு, புள்ளி. அவன் தாளை எடுத்து ஊதி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு வெளியே வந்து தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திண்டோரம் நகர்த்தினான். ஒன்றை நான் பிடித்தேன்.

காலையில் அவள் சந்தைக் கடந்து, அவன் வாசலில் வண்டியில் உட்கார்ந்து போனாள். இப்போது ஒரு வருஷம் ஓடிவிட்டது. பீரோவில் அந்த விஆர்எஸ் தாள் இல்லை. காலி மனை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. முள்ளு திரும்பவும் முளைக்கிறது. ஸ்டாண்டும் வரவில்லை, வீடும் வரவில்லை. எதற்குக் காத்திருக்கிறான் என்று தெரியவில்லை.

அந்தத் தாளில் என்ன எழுதினான் என்று இரண்டு முறை கேட்டேன். "இன்னும் எழுதல மச்சான்" என்கிறான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.